கையெழுத்து நோட்டு

பஞ்சர் ஒட்டும் சொலூசன் இனிமேல்
கடை முன்னால் தொங்கக் கூடாது என்றார்கள்.
சோமனூர்க் கடைக்காரர்கள் முப்பது பேர்,
கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்,
ஆளுக்கொரு டீ, இரண்டு முறுக்கு.
பதினெட்டு ஆகாதவனுக்கு விற்காதீர்கள்.
வாங்குகிறவர் பேரும் வயதும் நோட்டில் ஏற வேண்டும்,
பக்கத்தில் கையெழுத்து.
"சரிங்க" என்றோம்.
பெயிண்டுக் கடை அங்கப்பன் மட்டும்
பின்னாலிருந்து "அப்ப தின்னருங்க?" என்றார்.
அதற்கு வேறு கூட்டம் போடுவார்களாம்.

வந்து அட்டையோடு கழற்றினேன்.
ஆணியைச் சுற்றிச் சுவரில்
தூசி படியாத ஒரு சதுரம்.
டியூப்புகள் கல்லாவுக்குள் போயின,
சில்லறைக் கிண்ணத்துக்கும்
அண்ணமார் படத்துக்கும் நடுவில்.
பத்து ரூபாய்ச் சாமானுக்கு
இப்படியொரு பவுசு வந்ததை
தெருப் பையன்கள்
அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்துகொண்டார்கள்.

முதல் வாரம் நோட்டில் எட்டுப் பேர்.
அதில் ஐந்து பேர் செந்தில்.
ஐந்து செந்திலுக்கும் வயது பத்தொன்பது,
ஐந்துக்கும் 'ந்' வலப்பக்கம் சரிந்து
விழப்போகும் கதவு மாதிரி.
கூட்ட நேரத்தில் மீசை இருந்ததா என்று பார்த்தேன்.
இருந்த மாதிரிதான் இருந்தது.

அப்புறம் பிபின் வந்தான்.
தறிக்குடோன் வரிசையில் மூன்றாவது வீடு,
ஒடிசாவிலிருந்து வந்து ஆறு வருஷம்,
எங்களைவிட நன்றாக எங்கள் பேச்சைப் பேசுவான்.
பின்சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது.
"ஒரு சொலூசன் குடுங்க்கா."
உங்கப்பனை வரச் சொல்லு சாமி.
"அப்பன் இப்பத்தானுங்க்கா படுத்துச்சு.
ஏழு மணிக்கு மறுக்கா சிப்ட்டுங்க."
கையை நீட்டச் சொன்னேன்.
நீட்டினான்.
குனிந்து முகர்ந்து பார்த்தேன்.
செயின் கிரீஸ், கொஞ்சம் மாங்காய் ஊறுகாய்.
ஏன் முகர்ந்தேன் என்று அவன் கேட்கவில்லை.
கேட்காததுதான்
ராத்திரி தூக்கத்தில் வந்து நின்றது.

இறங்கி நானே ஒட்டினேன்.
தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கி
குமிழியைத் தேடி, உப்புத்தாள் தேய்த்து,
அரை மணி நேரம்.
அதற்குள் மூன்று பேர் வந்து
போனால் போகுதென்று ஆனந்தன் கடைக்குப் போனார்கள்.
ஒவ்வொரு சக்கரத்துக்கும் இப்படி இறங்கினால்
கடைக்கு வாடகை யார் கொடுப்பது?

பொழுதோட ஒருத்தர் வந்தார்.
வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனா.
பேர் நாச்சிமுத்து, வயது நாற்பத்தி இரண்டு,
முத்து முத்தாய்க் கையெழுத்து.
ஆறு டியூப்.
"அத்தனை சைக்கிளுங்களா?"
"தோட்டத்துல ஆளுக நெறையாங்க."
நோட்டுச் சட்டப்படி அவரைப் போல ஒருவர் இல்லை.
அன்றைக்கு ராத்திரி ரயில்வே கேட்டுக்கு அக்கட்டால
ஒன்று ஐம்பது ரூபாய் என்று
பால்காரர் சொல்லித்தான் தெரியும்.
தெரியும் என்று
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வெள்ளிக்கிழமை ஒரு பொம்பளை வந்தார்.
பனியன் கம்பெனி அடையாள அட்டை
கழுத்தில் இன்னும் தொங்கியது.
"அந்த நோட்டைக் காட்டறீங்களா?"
காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை,
காட்டலாம் என்றும் சொல்லவில்லை.
விரலை வைத்து ஒவ்வொரு வரியாய் இறங்கினார்.
ஒரு செந்திலில் விரல் நின்றது.
அடுத்ததில் நின்றது.
அதற்கு மேல் படிக்கவில்லை.
தெருவில் தறிச் சத்தம்
எப்போதும் போல.

"உள்ள எத்தனை இருக்குதுங்க?"
ஒன்பது.
"பூராத்தையும் குடுத்துருங்."
வியாழக்கிழமை மறுபடி லோடு வரும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் நூறு ரூபாயை நீட்டி
பத்து ரூபாய் மிச்சத்தை எண்ணாமல்
பேனாவைக் கேட்டார்.
சாந்தாமணி, முப்பத்தி எட்டு.
மை காய்வதற்குள் பார்த்தேன்,
பேரின் நடுவில் அந்த 'ந்',
வலப்பக்கம் சரிந்த அதே கதவு.

மறுநாள் காலை பிபின்.
இந்தத் தடவை முன்சக்கரம்.
கேட்காமலே கையை நீட்டினான்
முகர்ந்து பார்ப்பதற்கு.
கல்லாவைத் திறந்து காட்டினேன்,
சில்லறையும் சாமியும் மட்டும் இருந்ததை.