எண்பத்தாறு டிகிரி

எல் ஆல்த்தோ உயரத்தில் தண்ணீர்
எண்பத்தாறிலேயே கொதித்துவிடும்.
ரேடியேட்டர் மூடி தளர்ந்திருந்தால் போதும்.
ஃபோர்துனாத்தோ சிலிண்டர் ஹெட்டைத்
தோளில் சுமந்து வந்தான்.
மினிபஸ்ஸைக் கைமாற்றி வாங்கியவன்;
முன்பு யார் ஒட்டினார்கள் என்று தெரியாதாம்.

இரும்பு சிவந்து எச்சரிக்கும்.
அலுமினியம் வாய் திறக்காது,
வெளுத்த முகத்தோடே நின்று
சட்டென்று மடியில் சரிந்துவிடும்.
அதனால் சலவை சோப்பால் ஒரு கோடு கிழிப்பேன்.
கோடு காப்பி நிறமாகாமல் டார்ச்சைத் தொடமாட்டேன்.

சூடு ஏற ஏற எண்ணெய் வியர்த்தது.
துடைத்தேன். வியர்த்தது. துடைத்தேன்.
பிறகு கிரைண்டர்,
இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே,
கறுத்த மயிரிழை மறையும்வரை.

அங்கே பார்த்தேன்:
மீன்செதில் அடுக்கு, இடப்பக்கம் சற்றே சாய்ந்தது.
என் கை.
ஏழு வருஷம் முன்பு, நிறைமாத வயிற்றோடு
குனிய முடியாமல்
பக்கவாட்டில் உட்கார்ந்து போட்டது.
அசையவில்லை.
விரிசல் அதன் ஓரம்வரை வந்து
கொஞ்சம் யோசித்து
சுற்றிக்கொண்டு போயிருந்தது,
கம்பெனி மெலிதாக வார்த்த இடம் வழியாக.

அந்த இடத்தையும் சேர்த்து இப்போது கனமாக்கினேன்.
ராத்திரி முழுக்கச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டேன்.

காலையில் காற்றடைத்துத் தொட்டியில் அமிழ்த்தினோம்.
தண்ணீர் சும்மா இருந்தது.

"கேரண்டி உண்டா, தோன்யா எலூத்தேரியா?"
"நான் தொட்ட இடத்துக்கு உண்டு."
அவன் குனிந்து
மற்ற இடங்களைத் தடவிப் பார்த்தான்.