தொகு நா

மொட்டைமாடி ஹாலில் மழை ஒழுகியதால்
அவசரக் கூட்டம் பேஸ்மென்ட்டுக்கு இறங்கியது.
இருபத்திரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள்,
ஒரு இன்னோவாவுக்கும் துணி போர்த்திய ஆக்டிவாவுக்கும் நடுவே.
தலைக்கு மேல்
ஏழு மாடிக் கழிவையும் சுமக்கும் இரும்புக் குழாய்.
சொட்டும் இடத்தில் ஒரு பெயின்ட் வாளி.
ஹொரமாவு, ஜூலை, ஞாயிறு மாலை ஆறு மணி.
பொருள் ஒன்று: முந்நூற்று நான்கு.
பொருள் இரண்டு கிடையாது.

நான் குறிப்பெடுப்பவள்.
நீல அட்டை நோட்டில், மூன்று வருடமாக.
யார் எந்தத் தொனியில் எதைச் சொன்னாலும்
'கருத்து தெரிவித்தார்' என்றே எழுதிப் பழகிய கை.

முந்நூற்று நான்கில் அத்தீமே கிந்தோ.
மாலி நாட்டுக்காரன், சிவில் எம்.டெக்.
போன மாதம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
லிஃப்ட் நின்றபோது
பதினோரு நிமிடம் அவனும் நானும்.
பதற்றத்தில் கேட்டுவிட்டேன்,
உங்கள் ஊரில் லிஃப்ட் உண்டா என்று.
எவ்வளவு மட்டமான கேள்வி.
எங்கள் ஊர் செங்குத்துப் பாறையில் தொங்குகிறது,
இருந்தால் நல்லதுதான் என்றான்.

பிறகு கையை உயர்த்தி லிஃப்ட்டின் கூரையைத் தொட்டான்.
ஊர் நடுவே ஒரு கொட்டகையாம்.
சுவர் கிடையாது, குட்டைத் தூண்கள்.
மேலே கம்பந்தட்டை, அடுக்கின் மேல் அடுக்கு,
ஆள் உயரக் கனத்துக்கு.
கீழே உட்காரத்தான் இடம்.
வரப்புத் தகராறு, தொலைந்த ஆடு, திரும்பாத கடன்
எல்லாம் அங்கே.
கோபத்தில் எவனாவது துள்ளி எழுந்தால்
உத்தரம் அவன் மண்டையைத் தட்டி
மறுபடி உட்கார வைக்கும்.
நின்றுகொண்டு சொல்வது பாதிச் சொல்.
உட்கார்ந்து சொன்னதற்கே எடை.

பெயர் தோகு நா.
தோகு என்றால் பந்தல், நா என்றால் பெரிது.
என் காதிலோ 'தொகு', 'நா' என்றே விழுந்தது:
நாக்குகளைத் தொகுத்து வைக்கும் இடம்.
தப்புதான். திருத்திக்கொள்ளவில்லை.

பெண்களும் உட்காரலாமா?
இல்லை. ஆண்கள் மட்டும்.
அப்படியென்றால் பெண்கள் எங்கே சண்டை போடுவார்கள்?
வெளியே, என்றான். நின்றுகொண்டு.
லிஃப்ட் குலுங்கி இறங்கியது.

ருத்ரேகவுடா தொடங்கினார்: மீன் வாடை.
முதல் மாடியில் தினமும் மீன் பொரிக்கும் மங்களூர்க்காரர்
தன் செல்போனைப் பார்த்தார்.
ஷைலஜா பட்: ராத்திரியில் ஆட்கள் வருகிறார்கள்.
இன்னொருவர் கன்னடத்தில், பிறகு இந்தியில்,
யாருக்கும் புரியாமல் போய்விடக் கூடாதென்று தமிழிலும்:
இவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான்.
நான் எழுதினேன்: கருத்து தெரிவித்தார்.

கடைசி நாற்காலியில் அத்தீமே,
மடங்காத நீளக் காலை மடக்கிக்கொண்டு.
கையில் பன்னிரண்டு வாடகை ரசீது, ஒரே கிளிப்பில்.
யாரும் கேட்கவில்லை.
'ஓனரைக் கூப்பிடுங்க, இவன்கிட்ட என்ன பேச்சு'
என்ற குரல் முடிவதற்குள்
எழுந்தான்.

ணங்.

குழாய் வழியே ஏறி ஏழாவது மாடிவரை போன சத்தம்.
உட்கார்ந்துவிட்டான்.
உச்சந்தலையைப் பிடித்தபடி
சிரிக்க ஆரம்பித்தான்,
தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்ட.
எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
குடித்திருக்கிறான், என்றார் ருத்ரேகவுடா.
அவன் பார்த்தது என்னை.

என் உயரம் நாலடி பதினோரு அங்குலம்.
அந்தக் குழாய்க்குக் கீழே தாராளமாக நிற்கலாம்.
எந்த உத்தரமும் என் தலையைத் தேடி வராது.
உட்கார்ந்தே இருந்தேன்,
பேனா மூடியைத் திறந்து, மூடி, திறந்து.

நோட்டில் இருப்பது இவ்வளவு:
முந்நூற்று நான்கு குறித்து விவாதிக்கப்பட்டது.
முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
பேஸ்மென்ட் குழாய் மிகத் தாழ்வாக உள்ளது.
உயர்த்துவதற்கு கொட்டேஷன் வாங்கப்படும்.