தூணுக்கு எண்பது ரூபாய்

ஓவர்சியர் கிறிஸ்துதாஸ் இருபத்தொன்பது என்று எழுதிவிட்டார்.
பாறைக்குள் பாதி புதைந்த முட்டுச்சுவரையும்
தூணாகச் சேர்த்துக்கொண்டார்.
"ஒண்ணு கூடினா என்னட்டி? பெயிண்டு அரசாங்கத்துக்கதாக்கும்."

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடியில்
பறளியாறு முழங்காலளவு ஓடிய மாதம்.
தூண்களுக்குச் சிவப்பில் எண் போடுவதும்
விரிசலைச் சாக்பீஸால் வளைப்பதும் என் வேலை.
தூணுக்கு எண்பது ரூபாய், சாப்பாடு நம்முடையது.
படிப்பு: பி.எஸ்ஸி கணக்கு, இரண்டு பேப்பர் அரியர்.

சார், இது இருபத்தெட்டு, என்றேன்.
மிச்சம் வைக்காமல் இதை வகுப்பவர்கள்
ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினான்கு.
ஐந்து பேரையும் கூட்டுங்கள்,
மறுபடி இருபத்தெட்டு.
கடனில்லை. கையிருப்பும் இல்லை.
பன்னிரண்டைப் பாருங்கள், வகுப்பவர்கள் சேர்ந்தால் பதினாறு:
சீட்டுப் பணத்தோடு ஓடியவன் வீட்டு வாசல்.
எட்டுக்கு ஏழுதான் தேறும்:
எங்கள் வீட்டு முப்பதாம் தேதி.

ஆறுக்கு வாய்த்த நிறைவு
அடுத்து இங்கேதான் வாய்க்கிறது.
அதற்கடுத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு;
அத்தனை தூண் நட்டால்
பாலம் திருவட்டாறு தாண்டிப் போய்விடும்.
ஒற்றைப்படையில் இப்படி ஒன்று
இருக்கிறதென்று காட்டியவர் இல்லை
இல்லையென்று நிறுவியவரும் இல்லை.
இரண்டாயிரம் வருடமாய் மூடாத ஃபைல் அது.

"இருபத்தொன்பது?"

பகா எண், சார். ஒன்றைத் தவிர
ஒருத்தரும் பக்கத்தில் வரமாட்டார்கள்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.
"அப்ப அது என்னைப் போலாக்கும்" என்றார்.
ரிப்போர்ட்டைத் திருத்தவில்லை.

இருபத்தெட்டாம் தூணில் மயிரிழை விரிசல், ஒன்றரைச் சாண் நீளம்.
வளைத்தேன், தேதி போட்டேன்.
இருபத்தொன்பதாம் தூணில் விரிசல் ஏதுமில்லை என்று
அவர் சொல்ல, ஜெபின் எழுதினான்.
இல்லாத தூண் எப்படி விரியும்?
கூலி மட்டும் அதற்கும் சேர்த்து வந்தது.
"இந்த எண்பதுக்கா இவ்வளவு சண்டை போட்ட?" என்றான் ஜெபின்.
வேண்டாமென்றுதானே போட்டேன், மக்கா.

பாலத்து முனையில் ரெத்தினபாய்
கைதச்சக்கையைச் சுவரோடு சாய்த்து அடுக்கியிருந்தாள்.
அடிவரிசையில் ஏழு, அதன்மேல் ஆறு,
ஏறிஏறி உச்சியில் ஒன்று.
எண்ணிப் பார்க்கத் தேவையில்லை;
ஏழுவரை கூட்டினாலும் அதே ஆள்தான்.

உச்சியிலிருந்ததைக் கேட்டேன்.
"அது காய்வெட்டு. அடியில கிடக்கது பழுத்தது, எடுக்கட்டா?"
வேண்டாம், சரிந்துவிடும்.

எண்பது ரூபாயைக் கொடுத்தேன்.
அவள் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி
இலையில் வைத்துத் தந்தாள்.
புளிப்பில் காதுவரை கூசியது.
திரும்பிப் பார்த்தால் தலையில்லாத அடுக்கு,
இருபத்தேழு.
மூன்றுக்கு மூன்று, மேலே மூன்றடுக்கு.
பெட்டியில் வைத்தால்
கச்சிதமாகத்தான் நிற்கும்.