பதினேழாவது கிளை

காலை ஏழு மணிக்குக் கடலில் துளை போடுவது என் வேலை.
துளைக்குள் அளவுகோலை இறக்கி
இருபத்தாறு, இருபத்தைந்து என்று
சிவப்பு நோட்டில் எழுதுவேன்.
இருபத்திரண்டுக்குக் கீழே போனால்
பனிச்சாலையைச் சங்கிலி போட்டு மூடவேண்டும்.
வோர்ம்சித் தீவில் எல்லாரும்
என் எண்ணை நம்பித்தான் அக்கரை போகிறார்கள்.

பச்சை நோட்டு ஒன்றும் உண்டு.
அதில் கடல் இல்லை.
ஹெல்வே இருக்கிறாள்.

வியாழன்: ஹாப்சாலு போய்வர நாற்பத்தொரு கிலோமீட்டர்.
மீட்டர் காட்டியது அறுபத்து மூன்று.
வியாழன்: பக்கத்து இருக்கை
ஒரு பல் பின்னால் தள்ளியிருக்கிறது.
நெட்டைக் கால்கள் யாருடையவை?

கேட்டேன்.
"ஞாயிறன்று நீதானே உட்கார்ந்து வந்தாய்" என்றாள்
உருளைக்கிழங்குத் தோலிலிருந்து கண்ணெடுக்காமல்.
உட்கார்ந்தேனா?
ஞாயிற்றுக்கிழமைக்கு என் நோட்டில் பக்கம் இல்லை.

பனிமேல் போகிறவர்களுக்கு நான் சொல்லும் விதிகள்:
இடைவார் போடாதே. அமிழ்ந்தால் அவிழ்க்க நேரமிராது.
நடுவில் நிற்காதே.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில் ஓட்டாதே;
அந்த வேகத்தில் அடியிலிருக்கும் தண்ணீர் அலையாகி
வண்டியோடு கூடவே வரும்,
வளர்ந்துகொண்டே வரும்,
பிறகு பனியைப் பிளக்கும்.

பதினோரு வருஷமாக
நானும் அவளும் பேசிக்கொள்வது முப்பதில்.

வழி தெரிய ஜூனிப்பர் கிளைகளை நட்டிருக்கிறோம்.
பதினேழாவதற்கு வடக்கே அடிநீரோட்டம்.
அங்கே பனி பதினான்கு. அது எனக்கு மட்டும் தெரியும்
என்று நினைத்திருந்தேன்.

அந்த வியாழன் மூடுபனி.
போன வண்டிகள் ஆறு. திரும்பியவை ஐந்து.
நான் பதினேழாவதைப் பிடுங்கி
வடக்கே பன்னிரண்டு தப்படி நடந்து
நட்டேன்.
கை செய்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்,
வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

வீட்டில் சூப்பைச் சூடாக்கினேன்.
இரண்டு தட்டு வைத்தேன்.
ஒன்றை எடுத்தேன். திரும்பவும் வைத்தேன்.
தூரத்தில் பனி சாட்டை சுழற்றிக்கொண்டிருந்தது.
தினமும் கேட்கிற சத்தம்தான்.

ஆறே காலுக்குக் கதவு திறந்தது.
பூட்ஸைத் தட்டினாள். கோட்டை மாட்டினாள்.
மேஜைமேல், உப்புக்கும் ரொட்டிக்கும் நடுவில்,
ஒரு ஜூனிப்பர் கிளையை வைத்தாள்.
"பதினாறிலிருந்து பதினேழுக்கு ஐம்பது எண்ணுவேன்.
இன்று அறுபது தாண்டியும் வரவில்லை.
இறங்கி நடந்து பார்த்தேன்.
நானும் எண்ணுகிறவள்தான், உர்மாஸ்."

அது எங்கள் வேலியில் முறித்த கிளையாகவும் இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.
அவள் முதல் கரண்டியை விழுங்கும்வரை
நான் விழுங்கவில்லை.
அவளும் என் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவில் பச்சை நோட்டைத் திறந்தேன்.
என் கடைசி வரிக்குக் கீழே
சின்னச் சின்ன எழுத்தில்:
"நாலு நாற்பதுக்கு வந்திருக்கிறான். கையுறையில் பிசின்."
பக்கத்தைப் புரட்டினேன்.
அக்டோபரிலிருந்து இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமைகளும் இருக்கின்றன.

வெள்ளி காலை
துளைபோடும் கருவி வைத்த இடத்தில் இல்லை.
சிவப்பு நோட்டில் அன்றைய தேதிக்கு
முன்பே இருபத்தாறு எழுதியிருந்தது.
அந்த ஆறுக்கு என் ஆறின் வால் இல்லை.

"நானும் வருகிறேன், அக்கரைக்குப் போவோம்" என்றாள்.
மாட்டேன் என்று சொல்ல
ஒரு காரணம் வேண்டும்.
என்னிடம் இருந்த ஒரே காரணத்தை
வாய்விட்டுச் சொல்ல முடியாது.

சக்கரம் கரையிலிருந்து இறங்கியது.
பதினான்கு. பதினைந்து.
ஹெல்வே என் பக்கம் சாய்ந்தாள்.
அவள் கூந்தல் என் தாடையில் பட்டது,
எத்தனை மாதத்துக்குப் பிறகு.
என் மார்புக்குக் குறுக்கே வாரை இழுத்து
'க்ளிக்' என்று மாட்டினாள்.
பிறகு தன்னுடையதையும்.

"அவசரமில்லை" என்றாள்,
"முப்பதிலேயே போ."