விலைச்சீட்டு

என் பெயர் தையல்நாயகி.
நெஞ்சில் குத்திய பட்டையில் இடம் போதவில்லை என்று
'தையல்' வரை அடித்துக் கொடுத்தார்கள்.
பிளவுஸ் அளவு எங்கே கொடுப்பது என்று
நாளைக்குப் பத்துப் பேராவது என்னிடம் கேட்கிறார்கள்.

மயிலாடுதுறை, மூன்றாம் மாடி, பட்டு.
பதினோரு வருஷம்.
முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள்
படி ஏறும்போதே சொல்லிவிடுவேன்
எந்த வீட்டில் அறுவடை கைக்கு வந்தது,
எந்த வீட்டில் நகை பேங்குக்குப் போனது என்று.
உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்தது.
போட்டார்கள்.
அதில் கை உடைந்த பொம்மை உட்கார்ந்திருக்கிறது.

இளஞ்சேரன் வந்து மூன்று வருஷம்.
வந்த புதிதில் கோர்வைக்கும் சாதாக் கரைக்கும்
வித்தியாசம் தெரியாது.
விரித்த புடவையை மடிக்கச் சொன்னால்
ஈரத் துண்டு மாதிரி சுருட்டுவான்.
கற்றுக்கொடுத்தேன். நல்ல பையன்தான்,
இப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்.
ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம்
அவனை ஃப்ளோர் இன்சார்ஜ் ஆக்கினார்கள்.
என் லீவு லெட்டரில் இனி அவன் கையெழுத்து.

மேனேஜர் சொன்னார்:
ராத்திரி லோடு வரும், உன்னால் நிற்க முடியுமா?
அவன் நாளைக்குக் குடும்பம் நடத்த வேண்டிய பையன்.
நான் இன்றைக்கே நடத்திக்கொண்டிருக்கிறேன் சார்
என்று சொல்லியிருக்கலாம்.
'சரி சார்' என்றுதான் வந்தது.

பைக் லோன் ஃபாரம் நிரப்பத் தெரியாமல்
சம்பளச் சீட்டோடு அவனே என்னிடம் வந்தான்.
பதினெட்டாயிரத்து நானூறு.
இன்சார்ஜ் ஆவதற்கு முந்தின மாதத்துச் சீட்டு அது.
என்னுடையது பதினோராயிரத்து இருநூறு.
கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுத்தேன்.
ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

செம்பனார்கோவிலுக்குக் கிழக்கே எங்கள் ஊர், கடைமடை.
மேட்டூர் திறந்து, பூத்தூவிய படம் பேப்பரில் வந்து
நாற்பது நாள் கழித்தும்
எங்கள் வாய்க்காலில் தவளைக்குக் கால் நனையாது.
மேலே பாயட்டும், அப்புறம் வரும் என்பார் லஸ்கர்.
அப்பாவும் 'சரி சார்' என்றுதான் சொல்வார்.

கடையில் ஒரு கர்ச்சீப்புக்குக்கூட விலை ஒட்டியிருக்கிறது.
எங்கள் விலையை மட்டும்
நாங்கள் ஒருத்திக்கொருத்தி சொன்னதில்லை.
சொல்லக் கூடாதென்று சேரும்போதே வாங்கிய கையெழுத்து.

திங்கட்கிழமை. கூட்டமில்லை.
கழற்றிப் போட்ட விலைச்சீட்டு ஒன்றைத் திருப்பி
என் சம்பளத்தை எழுதி
சுடிதார் பிரிவு ரெஜினாவிடம் நீட்டினேன்.
பார்த்தாள். பேனா கேட்டாள்.
மதியச் சாப்பாட்டுக்குள் பதினேழு சீட்டு.
பர்வீன் எழுதி, அடித்து, மறுபடி அதையே எழுதியிருந்தாள்.
லிஃப்ட் துடைக்கிற அஞ்சம்மாள்
எழுத வராதென்று விரலால் காட்டினார்.
ஒரு கை விரல் போதுமாயிருந்தது.
இளஞ்சேரன் பார்த்துவிட்டான்.
ஏசி ரிமோட்டை எடுத்துக்கொண்டு
அந்தப் பக்கம் போனான்.

பதினேழும் என் டிபன் டப்பாவில் இருக்கின்றன.
ரசம் பட்டு ஒன்று கலங்கிவிட்டது.
லேபர் ஆபீஸ் எந்தத் தெருவில் என்றுகூட
இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.

ஒரு அம்மா வந்து நிற்கிறார், கையில் பிளவுஸ் துணி.
"தையல் எங்கேம்மா?"
"நான்தான்," என்கிறேன்.
"சொல்லுங்க."