கேமராவுக்குத் தனிச் சீட்டு

மின்வாரியத்தில் கணக்கீட்டாளன் நான்.
வாரத்தில் ஆறு நாள்
மேலப்பாளையம் சந்துகளில் நுழைந்து
மாடிப்படிக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே
சிலந்தி குடியிருக்கும் பெட்டிக்குள்
எண் பார்த்து எழுதுகிறவன்.
வீட்டுக்காரர் முகம் எதுவும் நினைவில் நிற்பதில்லை.
நாய்கள் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை கேமரா.
சமாதானபுரத்தில் மூன்றாம் கையாக வாங்கியது.
லென்ஸுக்குள் ஒரு மூலையில் பூஞ்சை;
நான் எடுக்கும் எல்லா வானத்திலும்
வலது ஓரத்தில் மட்டும்
எப்போதும் மழை வரப்போகிறது.

அருவி எடுப்பதில்லை. கோபுரம் எடுப்பதில்லை.
அவற்றுக்கு ஆள் இருக்கிறது.
எனக்கு, கங்கைகொண்டான் எடைமேடையில்
லாரி இறங்கிப் போன பிறகும்
இருபது கிலோ காட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு எண்.
வீரவநல்லூர் ஐஸ் பேக்டரியில்
உப்புத்தண்ணீர்த் தொட்டியின் மரமூடிகள்.
அதன்மேல் வெறுங்காலோடு நடந்த ஞானதிரவியம் சொன்னார்:
"எவ்வளவு வேணும்னாலும் எடுங்க,
ஒரே எடத்துல நிக்காதீங்க. காலு ஒட்டிக்கிடும்."
அம்பையில் மூடிக்கிடக்கும் தியேட்டரின் ஆபரேட்டர் அறை.
சுவர் முழுக்கப் பென்சிலில் ரீல் மாற்றிய நேரங்கள்,
நடுவே ஒரு வெள்ளிக்கிழமைக்கு எதிரில்
'பல்வலி' என்று மட்டும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு பாளையங்கோட்டை அருங்காட்சியகம்.
சீட்டுக்காரர் என்னைவிடக் கேமராவுக்கு அதிகம் வாங்கினார்.
நியாயம்தான்.
பார்க்கப்போவது அதுதானே.

கண்ணாடிக்குள் ஒரு தாழி.
தாழிமேல் ஜன்னல், ஜன்னல்மேல் டியூப்லைட்,
எல்லாவற்றுக்கும் முன்னால்
வயிற்றில் கேமரா முளைத்த ஒருவன்.
குனிந்தேன், குனிந்தான்.
சம்மணமிட்டேன்,
அவனும் தாழிக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"கால் மணி நேரமா பாக்கேன் சார்,
என்னத்தத் தேடுதீங்க?"
காவலுக்கு இருந்த முப்பிடாதி.
"என்னத்தான். வெளிய எடுக்கணும்."
அந்தம்மா போய்
கம்பி ஒடிந்த கறுப்புக் குடை ஒன்றோடு வந்து
என் முதுகுக்குப் பின்னால் விரித்தார்.
ஃபீஸ் பிடுங்கினாற்போல
ஜன்னல் போனது, விளக்கு போனது, நான் போனேன்.
தாழி வந்தது.
கழுத்தைச் சுற்றி யாரோ ஈரத்தில் அழுத்திய
கட்டைவிரல் தடங்கள்,
ஒன்று மட்டும் அவசரத்தில் கோணலாக.

எடுத்து முடித்ததும் குடையை மடக்கியபடி:
"சார், ஒரு பாஸ்போட் சைஸ் எடுத்துத் தருவீங்களா?
காண்டிராக்ட் மாறுது, புது கார்டு போடுதாங்க.
ஸ்டுடியோக்காரன் நூத்தி இருவது கேக்கான்."

வெள்ளைச் சுவர் தேடி அந்தக் கட்டடம் முழுக்க நடந்தோம்.
ஒரு சுவரில் வேல்கம்பு, ஒரு சுவரில் ஓலைச்சுவடி,
ஒரு சுவரைப் பாடம் செய்த கூழைக்கடா மறைத்துக்கொண்டது.
கடைசியில் மாடிப்படிக்கு அடியில்
நாலடி வெள்ளை,
பக்கத்தில் மீட்டர் பெட்டி.
கை பழக்கம், கண் பழக்கம்;
எண்ணைப் படித்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தேன்.

"சிரிக்கக் கூடாதுல்லா?"
"கூடாது."
அதற்கப்புறம்தான் சிரிப்பு வந்தது அந்தம்மாவுக்கு.
ஐந்தாவது படத்தில் அடங்கியது,
உதட்டோரம் கொஞ்சம் மிச்சம் வைத்து.

பிரிண்ட் போட்ட பையன் கேட்டான்:
"தலைக்கு மேல கறை இருக்கு, அழிச்சிரட்டுமா?"
மழை அது, இருக்கட்டும் என்றேன்.

அடுத்த ஞாயிறு எட்டுப் பிரதியோடு போனேன்,
கேமரா இல்லாமல், ஒற்றைச் சீட்டில்.
இரண்டு அட்டைக்கு என்று எண்ணி வைத்தார்.
ஐந்து பர்ஸுக்குள் போயின.
ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு
தாழிப் பெட்டியின் பூட்டு சரியாக இருக்கிறதா
பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

சாவி அந்தம்மாவிடம்தான் இருக்கிறது.