விளிம்பைத் தொட்டால்

புளியரை எடைமேடையில் எனக்கு இரவுப் பணி.
பாறைப்பொடி லாரி ஏறி நின்றால்
சிவப்பு எண்கள் துள்ளித் துள்ளி அடங்கும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
அடுத்த லாரி வர இருபது நிமிடம். சில நாள் நாற்பது.

அந்த இடைவெளிகளில்தான் செய்தேன்.

உள்ளங்கை அகலக் கருவி.
புனலூரில் பழையதாக வாங்கியது.
முன்பு வைத்திருந்தவரின் கட்டைவிரல்
இடப்பக்கப் பொத்தானைக் குழியாக்கி வைத்திருந்தது.
விளையாடத்தான் வாங்கினேன்.
உள்ளே, ஒரு மூலையில், "நீயே செய்" என்று ஒரு பெட்டி.

முதல் பாடம்: ஒரு புள்ளி வை.
இரண்டாம் பாடம்: அதை நகர்த்து.
நகர்ந்தது.
சாரலில் தகரக்கூரை சடசடத்துக்கொண்டிருக்க
ஆளில்லாத அறையில் "ஏய்!" என்று கத்திவிட்டேன்.

எட்டுக்கு எட்டுக் கட்டம்,
அதற்குள் ஒரு லாரி.
சக்கரங்களுக்கு நான்கு கறுப்பு,
கண்ணாடிக்கு ஒற்றை நீலம்.
தார்ப்பாய்க் கயிற்றுக்கு இடமில்லை.
நெற்றியில் எழுதும் சாமி பெயருக்கும் இல்லை.
போகட்டும், யார் வண்டி என்று யாரும் கேட்க முடியாது.

நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.
விதிகள் கல் கல்லாய் இருக்கின்றன,
ஒன்றின் பல்லை மற்றொன்று கவ்வும்.
"செக்போஸ்ட்டைத் தொட்டால்" – "நில்".
"காசு இருந்தால்" – "போ".
"இல்லையென்றால்" என்ற கல்லை எங்கே செருகுவதென்று
மூன்று இரவு திண்டாடினேன்.
அந்த மூன்று இரவும்
திரையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாய் அடைத்துக் கிடந்தன.
ஜன்னலுக்கு வெளியேயும்தான்.

பிறகு வந்தது அந்தக் கேள்வி.
திரையின் இடது ஓரத்தை ஆரியங்காவு என்று வைத்திருந்தேன்.
விளிம்பைத் தொட்டால் என்ன ஆகவேண்டும்?
சுற்றி வரட்டும்.
முட்டித் திரும்பட்டும்.
மறையட்டும்.
ஏதேனும் ஒன்று.

பெர்மிட் தேதி கடந்த வண்டிகள்
முட்டித் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.
அரிசி மூட்டைமேல் வாழைத்தார் அடுக்கிப் போனவை
மறைந்ததும் தெரியும்,
என் எடைச்சீட்டின் அடிக்கட்டையில் மட்டும் இன்னும் இருக்கின்றன.
மற்றவை சுற்றி வரும், காலியாக,
டிரைவரின் சட்டைப்பையில்
இரண்டு லாட்டரிச் சீட்டோடு.

மூன்றும் வேண்டுமே என்று தேடியபோது
அடிப்பக்கத்தில் கிடைத்தது, "பகடை உருட்டு" என்றொரு கல்.
செருகினேன்.
அதற்குப் பிறகு எந்த லாரி என்ன ஆகும் என்று
செய்த எனக்கே தெரியாது.

முதலில் ஆடிப் பார்த்தவன் ஷிபின்,
பத்தனாபுரத்துக் கிளீனர்.
வண்டி எடையில் நிற்கும்போது
ஜன்னல் வழியே கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.
மூன்று லாரி மறைந்தது. ஒன்று முட்டியது.
"சேச்சி, இதில எப்பழா ஜயிக்குன்னது?"

ஜெயிப்பது.
அதை நான் யோசிக்கவே இல்லை.

திருப்பித் தரும்போது சொன்னான்:
"ஒரு சாயக்கட வைக்கு. எஸ் வளைவு கழிஞ்ஞால் ஒடனே."

வைத்தேன்.
கிளாஸுக்கு ஆறு பழுப்பு, நுரைக்கு ஒரு வெள்ளை.
"சாயக்கடையைத் தொட்டால்" – "கடிகாரம் நில்".
விளையாட்டு முழுவதிலும் அங்கே மட்டும்தான்
நேரம் ஓடாது.

மறுவாரம் வந்தான். வளைவு ஏறினான்.
கடை வாசலில் நிறுத்தினான்.
விரலை எடுத்துவிட்டு
திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"போகலையா?"
"இல்ல."

பின்னால் நின்ற டாரஸ் நீளமாக ஹாரன் அடித்தது.
பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு
எண்கள் அடங்கக் காத்திருந்தேன்.
இருபத்தெட்டு டன் நானூற்று நாற்பது.
சீட்டை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான்.

மேஜையில் அவன் லாரி
இன்னும் கடை வாசலில் நிற்கிறது.
நுரை குறைய வேண்டுமானால்
அதற்கும் ஒரு கல் வைக்கவேண்டும்.
இன்னும் வைக்கவில்லை.